மில் காற்றில் விளைந்த காளான்

கோயம்புத்தூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரோட்டுக்கடையில் "ஒரு காளான்" என்று கேட்டால், பெரிய கல்லைச் சுரண்டித் தட்டில் போட்டுத் தருவார்கள். அதில் முக்கால்வாசி முட்டைக்கோசுதான். காளானைத் தேடிப் பார்க்க வேண்டும். யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. சூடாகவும் காரமாகவும் இருந்தால் போதும். எங்கள் அப்பத்தா மட்டும் அதைக் கடைசிவரை காளான் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ஐப்பசி மழை இடியோடு பெய்த மறுநாள் விடியும் முன்னே போய், கறையான் புற்றோரம் பறித்து வருவதுதான் அவருக்குக் காளான். "இடி இடிச்சாத்தான் அது கண்ணு முளிக்கும்" என்பார். அந்தப் புற்றுக் காளானை வளர்க்கும் வித்தை கறையானைத் தவிர வேறு யாருக்கும் இன்றுவரை சரியாகக் கைவரவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் ஈரத்தை வருஷம் முழுக்க ஒரு கட்டடத்துக்குள் பிடித்து வைத்தால் வேறு ரகக் காளான்கள் விளையும். 2004-இல் எங்கள் வீட்டில் ஓடிய பேச்சு அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டி அப்பா போட்ட தறிக்குடோன் இருந்தது. நாங்கள் கூலிக்கு நெய்தவர்கள். பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் தருவார். துணியாக்கிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கரண்ட் பில்லும் உதிரி பாகங்களும் ஏறிக்கொண்டே போக, கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு கட்டத்தில் அப்பா தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார். இரவு பகலாகச் சத்தம் கேட்டுப் பழகிய வீட்டில் பேச்சுக்குரல் திடீரென்று உரக்கக் கேட்க ஆரம்பித்தது. அறுபது அடி நீளம், இருபத்திரண்டு அடி அகலம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காலியாகக் கிடந்த அந்த இடத்தை என்ன செய்வது என்ற கேள்வியோடு அப்பா லாலி ரோடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் காளான் பயிற்சிக்குப் போனார்.

அங்கே காளானைச் சொல்லித் தருவது பயிர் நோயியல் துறை. பூஞ்சணத்தை ஒழிக்க வழி சொல்லும் அதே துறைதான் பூஞ்சணத்தை வளர்க்கவும் சொல்லித் தருகிறது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு வந்து கல்லூரியானது; 1971-இல் பல்கலைக்கழகமானது. நடுவில், 1940-களின் தொடக்கத்திலேயே, பூஞ்சணவியலாளர் கே. எம். தாமஸும் உடனிருந்தவர்களும் வைக்கோல் காளானை இங்கே வளர்த்துக் காட்டிவிட்டார்கள். நாட்டிலேயே அந்தக் காளானை முதலில் பயிர் செய்த இடங்களில் கோயம்புத்தூரின் பெயர் முன்னால் நிற்கிறது. சிப்பிக் காளானில் கோ-1, கோ-2 என்று இந்த ஊரின் முதலெழுத்தைத் தாங்கிய ரகங்களும் பிறகு வந்தன.

அப்பாவைக் கவர்ந்தது சிப்பிக் காளான் அல்ல, பால் காளான். மேற்கு வங்கத்தில் காட்டுக் காளானாக இருந்ததை 1974-இல் புர்கயஸ்தாவும் சந்திராவும் அடையாளம் கண்டு எழுதினார்கள். அதை வயலுக்கு, அதாவது குடிசைக்கு, கொண்டுவந்தது தமிழ்நாடு. ஏபிகே-2 என்ற ரகமாக 1998-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்த மூன்றெழுத்து அருப்புக்கோட்டையைக் குறிக்கும். ஊட்டியில் விளையும் மொட்டுக் காளான் பதினைந்து, பதினாறு டிகிரி குளிர் கேட்கும். பால் காளானுக்கோ முப்பது முதல் முப்பத்தைந்து டிகிரிதான் சுகம். வெயிலை விரும்பும் காளான் என்றால் அது கொங்குச் சித்திரைக்கே பிறந்ததுதானே என்று அப்பா கணக்குப் போட்டார். கோடையில் பால் காளான், மற்ற மாதங்களில் சிப்பிக் காளான். காகிதத்தில் எல்லாம் சரியாக வந்தது.

அந்தக் காகிதத்தை அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். அதை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுத் தறிக்குடோனுக்குள் போனார். கையை உயர்த்திக் கூரைப்பக்கம் சூட்டைப் பார்த்தார். "மாப்ளைங்க, சித்திரையில இந்த ஷீட்டுக்குக் கீழ ஆளே நிக்க முடியாது. காளான் எப்புடீங்க நிக்கும்?" என்றார். "வெப்பம் மட்டும் இருந்தாப் பத்தாதுங்க. காத்துல தண்ணி இருக்கோணும்."

மாமாவுக்கு அதைச் சொல்லும் தகுதி இருந்தது. அவர் சிங்காநல்லூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ஈரப்பதப் பிளான்ட்டில் ஃபிட்டர். மில் மூடிய பிறகு வீட்டில் இருந்தார். கோயம்புத்தூர் மில்களைப் பற்றிப் பேசும்போது 1888-இல் ஸ்டேன்ஸ் ஆரம்பித்த ஆலையைச் சொல்வார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து ஊரெல்லாம் மில்லானதைச் சொல்வார்கள். முதலாளிகளையும் மோட்டார்களையும் சொல்வார்கள். காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பஞ்சை நூலாக்குவதில் பாதி வேலை காற்றுக்குத்தான். காற்று காய்ந்தால் பஞ்சில் மின்னேற்றம் ஏறும், இழை பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினால் உருளையில் சுற்றிக்கொள்ளும். நூற்கும் பகுதிக்கு ஐம்பத்தைந்து, அறுபது சதவீத ஈரப்பதம். நெய்யும் பகுதிக்கு எண்பதை ஒட்டி. இதை இரவிலும் பகலிலும், பங்குனியிலும் மார்கழியிலும் மாறாமல் வைத்திருக்க மில்லுக்குப் பின்னால் ஒரு பெரிய அறை. அங்கே வெளிக்காற்றை உறிஞ்சி, நாசில்கள் பீய்ச்சும் தண்ணீர்த் திரைக்குள் நுழைத்து, துளிகளைத் தகடுகளில் வடித்துவிட்டு, ஈரத்தை மட்டும் சுமந்த காற்றாக மேலிருந்து உள்ளே விடுவார்கள். உள்ளே சுற்றிச் சூடேறிய காற்றைத் தரையில் உள்ள கம்பிச் சட்டங்கள் வழியே கீழே இழுத்துக்கொள்வார்கள். மாமாவின் இருபத்தைந்து வருஷம் இதில்தான் போனது. அவருடைய மில்லில் அவர் பெயர் "காத்துக்காரர்."

அவர் யோசனைப்படியே குடோனைக் காளான் அறையாக்கும் கட்டட வேலை கூரையில் தொடங்கியது. ஷீட்டைப் பிரிக்கச் செலவாகும். அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே ஒன்றரை அடி இடைவெளியில் மூங்கில் கட்டி, பாலித்தீன் விரித்து, அதன்மேல் தென்னந்தடுக்கு அடுக்கினார்கள். ஷீட்டுக்கும் தடுக்குக்கும் நடுவில் அடைபடும் சூடு வெளியேற இரண்டு பக்கச் சுவர் உச்சியிலும் துவாரம் விட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு. தறி நின்ற சிமெண்ட் தரையில் நான்கு அங்குலம் மணல் பரப்பினார்கள். மணலில் தெளித்த தண்ணீர் சாயங்காலம் வரை மெல்லக் காற்றில் ஏறும். இது பயிற்சியிலும் சொன்னதுதான். மாமா சேர்த்தது, மணலுக்கு அடியில் ஓரமாக ஒரு வடிகால். தேங்கிய தண்ணீரில் ஈ பெருகும் என்பது மில் அனுபவமா, வீட்டு அனுபவமா, தெரியவில்லை.

பிறகு குறுக்குச் சுவர்கள். முதலில் படுக்கை போடும் அறை. அடுத்தது வெளிச்சம் புகாத அறை. வித்து வைக்கோலில் பரவும் வரை பைகள் அங்கே தொங்கும். கடைசியில் நாற்பதடி நீளத்துக்குக் காளான் பூக்கும் அறை. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள்; ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. நடுவில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்து, "கோயிலுக்குக்கூட இத்தனை சுத்தம் பாக்கறதில்லீங்களே" என்றார். காரணம் இருக்கிறது. காளான் ஈ ஒரு சோடி நுழைந்தால் போதும், அடுத்த படுக்கைகளில் புழு வைக்கும். பச்சைப் பூஞ்சணத்தின் விதை செருப்பில் ஒட்டி வந்தால், வெள்ளையாகப் பரவ வேண்டிய பை பாசி பிடித்ததுபோல் நிறம் மாறும். அதைத் தூக்கி வெளியே புதைப்பதைத் தவிர வழியில்லை.

மில்லில் இருந்ததுபோல் இங்கேயும் ஒரு சின்ன ஈரப்பதப் பிளான்ட் போட வேண்டியிருந்தது. அதற்கான சாமான்களை மாமாவும் அப்பாவும் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கினார்கள். மூடிய மில்களின் உடல் உறுப்புகள் அங்கே குவிந்து கிடந்த காலம். மாமா ஒரு பித்தளை நாசிலை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, எந்த வகை பிளான்ட்டிலிருந்து கழற்றியது என்று சொல்லிவிடுவார். ஃபேனின் இறக்கையைக் கையால் சுழற்றிவிட்டு, அது நிற்கும்போது ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். ஒரே இடத்தில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம், அந்த ஃபேன் வேண்டாம். எவ்வளவு பெரிய ஃபேன் என்பதையும் சுவரில் கரிக்கட்டையால் எழுதித்தான் தீர்மானித்தார். நாற்பது, இருபத்திரண்டு, உயரம் ஒன்பது: ஏறக்குறைய எட்டாயிரம் கன அடி. மணிக்கு ஆறு தடவை காற்று மாற வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு எண்ணூறு. மில்லில் இதைப்போலப் பல மடங்கு ஓட்டியவருக்கு இது குழந்தை வேலை.

மேற்குச் சுவரை ஒட்டிச் செங்கல்லில் சின்ன அறை கட்டி, வெளிப்பக்கம் நுண்ணிய நைலான் வலை, உள்ளே நாசில் வரிசை, அதற்கடுத்துத் தகரத்தை வளைத்துச் செய்த துளி வடிகட்டி, அப்புறம் ஃபேன். ஃபேனின் வாயில் நீளமான பாலித்தீன் குழாய் ஒன்றைக் கட்டி, கூரையோரமாக அறை முழுக்க ஓட்டினார். இரண்டு பக்கமும் சாண் இடைவெளியில் துளைகள். சுவிட்சைப் போடாதபோது துணி மாதிரி துவண்டு தொங்கும் அந்தக் குழாய், போட்டதும் புரண்டு எழுந்து இரை விழுங்கிய மலைப்பாம்பாக உருண்டு திரளும். அம்மா முதல்முறை பார்த்துப் பின்வாங்கினார். துளைக்குப் பக்கத்தில் கையை வைத்தால் காற்று வருவதே தெரியாது; உள்ளங்கையில் குளுமை மட்டும் படியும். "வீசக் கூடாது அம்மிணி, நிக்கோணும். காளான் மூஞ்சியில காத்தடிச்சா விளிம்பு வெடிச்சுரும்" என்றார் மாமா.

அளவுக் கருவி என்று அவர் கொண்டுவந்தது ஒரு பலகையில் பொருத்திய இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் நுனி தண்ணீர்ப் புட்டிக்குள் கிடக்கும். துணி காயக் காயக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு வித்தியாசம் காட்டும். சித்திரைப் பகலில் வெளியே காய்ந்த குமிழ் 36, ஈரக் குமிழ் 24. "இந்தப் பன்னெண்டு டிகிரிதான் அம்மிணி நம்ம காசு. வெளிய காத்து எவ்வளவு காஞ்சிருக்குதோ அவ்வளவுக்கு அதைக் குளிர வெக்கலாம்" என்பார். சிப்பிக் காளான் காலத்தில் உள்ளே 27, ஈரக் குமிழ் 25.5. ஒன்றரை டிகிரி வித்தியாசம் என்றால் எண்பத்தெட்டு, தொண்ணூறு சதவீத ஈரப்பதம். நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதும் வேலை எனக்கு. அப்போது கல்லூரி முடித்திருந்தேன். ரீடிங் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்வார். நம் மூச்சுக்காற்று பட்டால் அரை டிகிரி பொய் சொல்லும்.

வைக்கோல் வேலை முழுக்க அம்மாவின் பொறுப்பு. கோபிப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பேரலில் தென்னை மட்டை எரித்து எண்பது டிகிரியில் அரை மணிக்கும் மேல் வேகவைத்து, நிழலில் உலர்த்துவார்கள். எவ்வளவு உலர வேண்டும் என்பதற்கு அம்மாவின் கைதான் கணக்கு: ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். இரண்டடிப் பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக ஒரு சுற்று வித்து, மறுபடி வைக்கோல். வித்து என்பது அரைவேக்காடு சோளத்தில் பூஞ்சணம் பரவவிட்டது. இருட்டறையில் பதினைந்து இருபது நாளில் பை முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். பிறகு பூக்கும் அறைக்கு மாற்றி, நைலான் கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவோம். குடோனின் இரும்புச் சட்டங்கள் இந்தப் பாரத்தைச் சட்டை செய்யவே இல்லை.

மார்கழியில் பூத்த சிப்பிக் காளான்களுக்குத் தண்டு நீண்டு, குடை சுருங்கி, பொத்தான் தைத்த குச்சிகளாக வந்தன. பார்த்தவர்கள் வித்து சரியில்லை என்றார்கள். மாமா வித்தைப் பற்றிப் பேசவே இல்லை. குளிருக்குப் பயந்து ஃபேனைக் குறைத்திருந்தோம். பைகளில் இருக்கும் பூஞ்சணம் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. விட்ட கரியமில வாயு அறையை விட்டுப் போகவில்லை. இருட்டறையில் பரவும்போது அந்த வாயு அதைத் தொந்தரவு செய்யாது. பூக்கும்போது மட்டும் ஆகாது. நல்ல காற்றைத் தேடிக் கழுத்தை நீட்டும். மாமா கிழக்குச் சுவரில் தரையை ஒட்டி வரிசையாகத் துவாரங்கள் போட்டு வலை அடித்தார். மேலே விட்டுக் கீழே எடு என்ற மில் பாடம்தான். அடுத்த பூப்பில் குடைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. அன்றிலிருந்து எனக்கு அறையில் நுழைந்ததும் மீட்டரைப் பார்க்கும் முன் காளானைப் பார்க்கும் பழக்கம் வந்தது. தண்டு நீண்டால் காற்று போதவில்லை. விளிம்பு வெடித்தால் ஈரம் போதவில்லை. குடையில் மஞ்சள் திட்டு விழுந்து பிசுபிசுத்தால், நனைத்த தண்ணீர் காய நேரம் தரவில்லை.

பால் காளான் கோடையில் வேறு பாடம் நடத்தியது. வித்து பரவிய பையை நடுவில் இரண்டாக அறுத்து, வெட்டிய முகத்தில் ஆவியில் வேகவைத்த மண்ணைச் சுண்ணாம்புத் தூளோடு கலந்து ஓர் அங்குலத்துக்குள் பரப்ப வேண்டும். மண் இல்லாமல் அது பூக்காது. வெளிச்சமும் வேண்டும். பல்கலைக்கழகம் சொன்ன முறை தரையில் பாதி புதைந்த கூடாரம், மேலே நீல ஷீட். எங்களால் குடோனைப் புதைக்க முடியாது. அதனால் பூக்கும் அறையின் ஒரு பாதிக்குக் கூரையைத் திறந்து நீல ஷீட் போட்டோம். அந்தப் பக்கம் போனால் ஆட்களின் பல்லெல்லாம் நீலமாகத் தெரியும். மண் போட்ட பத்து நாளில் குண்டூசித் தலைகள் எட்டிப் பார்க்கும். அடுத்த ஒரு வாரத்தில் கொழுக்மொழுக்கென்று பறிப்புக்கு வந்துவிடும். இழுக்காமல் திருகி எடுக்க வேண்டும். அந்தக் கைப்பக்குவத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

விற்பதில் சிப்பிக்கும் பாலுக்கும் குணம் வேறு. சிப்பி அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் துவண்டுவிடும். பால் காளான் மூன்று நாலு நாள் வெள்ளை மாறாமல் கடையில் நிற்கும். ஆனால் அதன் பருத்த உருவத்தைப் பார்த்துத் திருப்பூர்க் கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள். புரட்டாசி வந்து, கறிக்குப் பதில் எதையாவது மிளகு போட்டு வறுக்க வேண்டிய நிலையில் வாங்கியவர்கள் பிறகு கேட்டு வாங்கினார்கள்.

2012-இல் கரண்ட் போனதுதான் பெரிய சோதனை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் பகலில் பாதிக்கு மேல் இருட்டு. மில்களும் பட்டறைகளும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி நொந்துபோயிருந்த நேரம். மாமா பிளான்ட் அறையை மேற்கில் வைத்த காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே எங்கள் பக்கம் அடிக்கும் காற்றுக்கு ஃபேனே வேண்டாம். ஃபேனைச் சுற்றியிருந்த பலகைகளைக் கழற்றி, நாசிலுக்குப் பதில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டதும் காற்று தானே நுழைந்து, ஈரம் வாங்கி, கிழக்குத் துவாரங்களில் வெளியேறியது. காற்றடிக்காத மாதங்களுக்கு மட்டும் ஃபேனுக்கென்று ஒரு இன்வெர்ட்டர் வாங்கினோம்.

அப்பா பங்கு தருகிறேன் என்றபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபிட்டர் கூலி குடுங்க, ராத்திரி வந்தா ஓ.டி. போட்டுக் குடுங்க" என்று மில் கணக்கிலேயே வாங்கிக்கொண்டார். அதில் கௌரவம் இருந்தது. மில்லை ஏலம் விட்டபோது ஃபேனுக்கும் நாசிலுக்கும் மோட்டாருக்கும் கிலோ கணக்கில் விலை போட்டார்கள். காற்றைக் கையால் தொட்டு அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் ஆளுக்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை.

இன்றைக்கு ஈரப்பதத்தைச் செல்போனில் காட்டும் கருவிகள் கிடைக்கின்றன. நாங்களும் ஒன்று மாட்டியிருக்கிறோம். இரண்டு தெர்மாமீட்டர் பலகையோடு ஒத்துப் பார்த்துத்தான் நம்புகிறோம். காளான் அறை கட்டப் போகிறோம் என்று ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் கேள்வி, நல்ல வித்து எங்கே கிடைக்கும் என்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன். வித்தும் ரகமும் பல்கலைக்கழகம் தந்த கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ஒரு பெரிய கட்டடத்துக்குள் பிழைக்க வைக்கும் காற்றறிவு இந்த ஊர் மில்களில் நூறு வருஷம் புழங்கியது. அது தெரிந்தவர்கள் இன்னும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் உப்பிலிபாளையத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் வருகிறவர்களிடம், மில்லில் ஈரப்பதப் பிளான்ட் பார்த்தவர் ஒருவரை முதலில் தேடிப் பிடியுங்கள் என்கிறேன். செலவுக் கணக்கு எழுதும்போது அவருடைய கூலியை முதல் வரியில் எழுதுங்கள். செங்கல்லும் ஷீட்டும் அதற்குக் கீழே வரட்டும்.